வாவிக்கரை வீதி: ஒரேயடியாக உயர்த்துவதா, படிப்படியாகவா?

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வாவியை ஒட்டிய தாழ்வான வீதியொன்றைப் புதுப்பிக்கும்போது, கடல் எவ்வளவு உயரும் என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. காலநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா. குழுவான ஐபிசிசியின் 2021 அறிக்கைப்படி, 1995–2014 சராசரிக்கு மேல் 2100இல் உலகக் கடல்மட்டம் உயரக்கூடிய அளவு: உமிழ்வு மிகக் குறைந்தால் 28–55 செ.மீ., மிகக் கூடினால் 63–101 செ.மீ. 2050க்கோ 15–23, 20–29 செ.மீ. என்று இரண்டும் நெருங்கியே நிற்கின்றன. ஐயம் விரிவது அதற்குப் பிறகுதான்.

கணிப்பு தெளிவாகட்டும் என்று காத்திருப்பது மிக மோசமான தெரிவு. ஐயத்தின் கணிசமான பங்கு மனிதர் எவ்வளவு உமிழப்போகிறார்கள் என்பதில் இருக்கிறது; எந்தக் கணினியும் அதைத் தீர்க்காது.

ஒரேயடியாக 1 மீட்டர் உயர்த்தினால், ஒன்றுக்கு இரண்டு சரிவில் (1 மீட்டர் உயரத்துக்குப் பக்கத்துக்கு 2 மீட்டர்) அடித்தளம் 4 மீட்டர் அகலும், அவ்வளவும் வயல். அதைவிடப் பெரிய கேடு, பெரும்போக மழையில் மேற்கிலிருந்து வடியும் வெள்ளத்தை அந்த வீதியே அணையாக மறிப்பது.

நாங்கள் பரிந்துரைப்பது படிப்படியான உயர்த்தல். இப்போது 30 செ.மீ. போதும். ஆனால் மதகுகளை இன்றே முழு அளவில் கட்டி, நிலத்தின் அகலத்தையும் முழு அளவுக்கு ஒதுக்க வேண்டும். கிரவல் அடுக்கைப் பின்னர் ஏற்றலாம். மதகை அகலமாக்க வீதியை வெட்ட வேண்டிவரும். காற்று 1 பாகை சூடானால் சுமார் 7 வீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். பருவமழையின் மொத்த அளவில் காலநிலைக் கணினி மாதிரிகள் முரண்பட்டாலும், கடும் மழை இன்னும் கடுமையாகும் என்பதில் பெரிதும் ஒத்துப்போகின்றன. ஆகவே மதகில் சிக்கனம் கூடாது. மிகத் தாழ்ந்த இடத்தை, வெள்ளம் வீதிக்கு மேலாக வழிந்து செல்லும் தாம்போதியாக விட்டு, கொங்கிரீட் இட்டு, நீர் விழும் பக்கத்தில் கல் அடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அடிமண் அரித்து வீதி உடையும்.

படிப்படியான இந்த வழி தவறிப்போவது இரண்டாம் கட்டம் மறக்கப்படும்போது. வாவியின் சராசரி நீர்மட்டம் எந்த அளவை எட்டினால் அடுத்த வேலை தொடங்கும் என்பதை இன்றே எழுதி வைக்க வேண்டும். முகத்துவாரம் மணலால் அடைபட்ட மாதங்களின் வாவி மட்டத்தை அந்தச் சராசரியில் சேர்த்தால் கணக்குத் தவறும். திறந்திருக்கும் மாதங்களின் பல ஆண்டுச் சராசரியே வேண்டும். 2006–2018இல் கடல் ஆண்டுக்கு 3.7 மி.மீ. உயர்ந்தது. அந்த வேகத்திலேயே, நிதிக்கும் வேலைக்கும் பத்தாண்டு எடுத்தால் உயர்த்திய 30 செ.மீ.இல் 4 செ.மீ. வரை கரைந்துவிடும்; வேகமோ கூடிவருகிறது. எனவே வீதி தாங்கக்கூடிய நீர்மட்டத்துக்குக் குறைந்தது 10 செ.மீ. முன்னரே வேலை தொடங்க வேண்டும். ஒதுக்கிய நிலத்துக்கு எல்லைக்கல் நடாவிட்டால், அதற்குள் அங்கே கடைகள் எழும்பிவிடும்.