ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கமும் என் டொயோட்டா 86-இன் முன் பிரேக் பேடும்

என்னுடையது 2013 மாடல் டொயோட்டா 86. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துக்கு வேலைக்கு வந்து மூன்று வருடம் கழித்து, ஏற்கெனவே ஓடிய வண்டியாகத்தான் வாங்கினேன். வீடு சாட்ஸ்வர்த்தில், வேலை மேலே ஹில்கிரெஸ்ட்டில். அதனால் மாலையில் எம்13 சாலையில் க்ளூஃபிலிருந்து பைன்டவுன் வரை ஃபீல்ட்ஸ் ஹில் இறங்கியே ஆகவேண்டும். 2013 செப்டம்பரில் ஒரு பெரிய லாரி கட்டுப்பாடில்லாமல் வந்து நான்கு மினிபஸ் டாக்ஸிகள் மேல் மோதி, 24 பேர் இறந்துபோன இறக்கம் அது. அடிவாரத்து ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்) நிற்கும்போதெல்லாம் பின்னால் என்ன வருகிறது என்று கண்ணாடியைப் பார்க்கும் பழக்கம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

2023 புரட்டாசியில் இடது முன்சக்கரத்தில் குருவிக்குஞ்சு கத்துவதுபோல ஒரு சத்தம். பிரேக்கை மிதித்தால் நிற்கும், விட்டால் திரும்ப வரும். பேட் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை அழுத்தி நிறுத்தும் கட்டை) தேய்ந்துவிட்டது என்று சொல்ல, அதிலேயே வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்கில் உரசுகிற சத்தம் அது. ஒரு கடையில் கேட்டேன், முன்பக்கம் மட்டும் 3,900 ரேண்ட் என்றார்கள். பேட் மட்டும் வாங்கினால் 1,400. நாமே செய்துவிடலாம் என்று தோன்றியது.

சனிக்கிழமை காலை ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டு அங்கிள் ஜாக்கியும் இரண்டு ஸ்டாண்டும் கொண்டுவந்தார். இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் நான்காம் தலைமுறைக்காரர், தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனால் “தம்பி, ஸ்டாண்டு போடாம கைய உள்ள விடாத” என்பதை மட்டும் சுத்தமாகச் சொன்னார். புரட்டாசி விரதம் அவருக்கு. மதியம் இலை போடுவதற்குள் முடித்துவிடுவோம் என்று பேச்சு. முடித்தபோது மணி நாலு.

கழற்றி மாட்டுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சக்கரத்தைக் கழற்றி, கேலிப்பரின் (பேடை டிஸ்கில் அழுத்தும் இடுக்கி) கீழ்ப் போல்ட்டை 14 எம்.எம். ஸ்பேனரால் எடுத்து, கேலிப்பரை மேலே தூக்கினால் பேட் கையோடு வந்துவிடும். என் நேரத்தைத் தின்றவை வேறு இரண்டு.

முதலாவது, பேடைத் தள்ளி அழுத்தும் பிஸ்டன். புதுப் பேட் தடிமன், அது நுழைய பிஸ்டனை உள்ளே அமுக்க வேண்டும். இந்த வண்டியில் ஒரு கேலிப்பரில் இரண்டு பிஸ்டன். ஒன்றை அமுக்கினால் மற்றது வெளியே வருகிறது. அதை அமுக்கினால் இது. அரை மணி நேரம் இப்படியே போனது. அப்புறம்தான் பழைய பேடை இரண்டு பிஸ்டனுக்கும் குறுக்காக வைத்து, ஜி கிளாம்ப்பால் நடுவில் மெதுவாக முறுக்கினேன். இரண்டும் ஒன்றாக உள்ளே போயின. அந்தச் சந்தோஷத்தில் பானெட்டுக்குள் பார்க்க மறந்துவிட்டேன். பேட் தேயத் தேய டப்பாவில் பிரேக் ஆயில் மட்டம் இறங்குவது வழக்கம்தான். ஆனால் அதைப் பார்த்து யாரோ முன்பே விளிம்பு வரை ஊற்றி வைத்திருக்கிறார்கள். பிஸ்டன் உள்ளே போனதும் அவ்வளவும் பொங்கி வழிந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். அங்கிள் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயோடு ஓடி வந்தார். ஆனாலும் ஒரு உள்ளங்கை அளவுக்கு மங்கல் இன்றும் இருக்கிறது. முதலிலேயே டப்பாவிலிருந்து ஒரு சிரிஞ்ச் அளவு எடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

இரண்டாவது, கேலிப்பர் நகர்வதற்கு இருக்கும் ‘பின்’ என்ற இரும்புத் தண்டு. இடது உள்பக்கப் பேடில் 2 மி.மீ. மிச்சம், வெளிப்பக்கத்தில் 5. ஒரே சக்கரத்தில் இவ்வளவு வித்தியாசம் வந்தால் கேலிப்பர் நகராமல் ஒரு பக்கமாகவே அழுத்துகிறது என்று அர்த்தம். பின்னை இழுத்தால் வரவில்லை. ஆட்டி ஆட்டி எடுத்ததில் துரு மாவு மாதிரி கொட்டியது. கடற்கரை ஊரில் இது சகஜம், மழையில் நிறுத்தி மறுநாள் பார்த்தால் டிஸ்க்கே செம்மண் பூசியதுபோல் இருக்கும். பின்னை உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போட்டேன். கையில் கிடைக்கிற சாதாரண கிரீஸ் வேண்டாம், ரப்பர் உறை ஊதிப்போகும்.

முறுக்குவதிலும் கவனம் வேண்டும். கேலிப்பர் போல்ட்டுக்கு 27 நியூட்டன் மீட்டர்தான், சக்கர நட்டுக்கு 120. அங்கிள் இரண்டுக்கும் ஒரே பலம் போடப் பார்த்தார், முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச்சை நான் விடவில்லை. கடைசியாக, வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பல தடவை மிதித்து கெட்டியாக்க வேண்டும். முதல் மிதி அடிவரை போகும், பயப்பட வேண்டாம். ரோட்டில் போய் அதைக் கண்டுபிடித்தால்தான் பயம்.

சரி, பேடுக்கு வருகிறேன். அன்று நான் போட்டது பந்தய ஓட்டத்துக்கு என்று விற்கிற ரகம். ஸ்போர்ட்ஸ் காருக்கு ஸ்போர்ட்ஸ் பேட் என்று நினைத்தது என் ஆசைதான், வண்டி ஒன்றும் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால் ஃபீல்ட்ஸ் ஹில்லில் சூடேறிய பிறகு அதைப்போல் பிடித்தது வேறு கிடையாது. ஆனால் காலையில் ஹிக்கின்சன் ஹைவேயில் முதல் ரோபோ, மழை வேறு, மிதித்தால் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். குறைந்த வேகத்தில் வீல் என்று கத்தல். கோயில் வாசலில் நிறுத்தினால் காவடிக் கூட்டமே திரும்பிப் பார்த்தது. நான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தேன்.

2024 பிப்ரவரியில் அதை எடுத்துவிட்டு, தெரு ஓட்டத்துக்கான செராமிக் ரகம் போட்டேன். இரண்டாம் தடவை ஐம்பது நிமிடம்தான். பழைய ரகம் டிஸ்கில் விட்டிருந்த படிவத்தை உப்புத்தாளால் தேய்த்தெடுத்தேன். ஞாயிறு விடிகாலை மொபேனி தொழிற்பேட்டைப் பக்கம் ஆளில்லாத சாலையில், 60-இலிருந்து 10 வரை பத்துத் தடவை, நடுவில் முழுதாக நிறுத்தாமல் பிரேக் பிடித்து, புதுப் பேட் டிஸ்கோடு படியும்படி பதப்படுத்தினேன். சூட்டில் நிறுத்தி பெடலை மிதித்தபடியே இருந்தால் டிஸ்கில் அந்த இடத்தில் மட்டும் திட்டு விழும், அப்புறம் ஸ்டீயரிங் நடுங்கும்.

அதிலிருந்து 21,000 கி.மீ. புதிதில் 10.5 மி.மீ. இருந்தது, போன வாரம் அளந்தபோது உள்பக்கம் 7.2, வெளிப்பக்கம் 7.4. இந்த 0.2 வித்தியாசம்தான் எனக்கு அதிகச் சந்தோஷம், கேலிப்பரின் அந்தப் ‘பின்’ ஒட்டாமல் நகர்கிறது என்று அர்த்தம். சத்தம் இல்லை, சக்கரத்தில் கரி குறைவு. குறை என்றால், முழுக் கனத்தோடு இறங்கும்போது பெடலில் பழைய கூர்மை கிடையாது, கியரை இறக்கி இன்ஜினையும் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. டிஸ்க்கின் ஓரத்தில் வரப்பு மாதிரி எழும்பியிருக்கிறது, ஆனால் அதில் பொறித்திருக்கும் குறைந்தபட்சக் கனத்துக்கு மேல் இன்னும் ஒரு மில்லிமீட்டருக்கு அதிகமாகவே இருக்கிறது. அடுத்த பேடோடு டிஸ்க்கையும் மாற்றிவிடுவேன். பிரேக் ஆயில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. இந்த ஊர் ஈரத்தை அது சும்மாவே குடிக்கும்.

இப்போது அங்கிள் தன் பக்கியை (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) கொண்டுவந்து என் வாசலில் நிறுத்தியிருக்கிறார். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் (மூடிய ரகப் பிரேக்). டிரம்மை நான் திறந்ததே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். “பரவால்ல தம்பி, ஸ்டாண்டு எங்கிட்ட இருக்கு” என்கிறார்.