டொயோட்டா ஸ்டீயரிங் சுவிட்சும் அதன் விளக்கும்: வீட்டில் பழுது பார்த்து, பல வெயில் கண்ட பிறகு

சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் சத்தம் குறைகிறது. முந்தைய பாட்டுக்குப் போகும் பட்டனைத் தொட்டால் சத்தம் ஏறுகிறது. ராத்திரியில் இடதுபக்கப் பட்டன்களில் இரண்டு எழுத்து இருட்டு. பத்து வருடத்தைத் தாண்டிய டொயோட்டா வண்டிகளில் இது வழக்கமான காட்சி. கடையில் கேட்டால் "சுவிட்ச் செட் போயிடுச்சு, மாத்திடலாம்" என்பார்கள். பெரும்பாலும் சுவிட்ச் போயிருக்காது, அழுக்குதான் ஏறியிருக்கும். விளக்குக் கோளாறு அதற்குச் சம்பந்தமே இல்லாத தனி வேலை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் செலவில் பெரும்பகுதி மிச்சம்.

இங்கே சொல்வது 2005 முதல் 2016 வரை இந்தியாவில் விற்ற முதல் தலைமுறை இன்னோவா, 2008-இல் வந்த கொரோலா ஆல்டிஸ் ஆகியவற்றின் ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்குக்குப் பொருந்தும். மற்ற கம்பெனி வண்டிகளில், ஸ்டீயரிங்கின் நடுவில் ஏர்பேக்கோடு இருக்கும் மூடியான பேடைக் கழற்றும் முறை வேறு. சுவிட்சுக்குள் நடக்கும் விஷயம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் எதையும் கழற்றாமல் கவனியுங்கள். ஹாரனும் சேர்ந்து போய், டாஷில் ஏர்பேக் விளக்கும் அணையாமல் எரிந்தால் கோளாறு சுவிட்சில் இல்லை. ஸ்டீயரிங் திரும்பும்போதும் அதற்கு மின் இணைப்பு தரும், பின்னால் சுருண்டிருக்கும் கிளாக் ஸ்பிரிங்கில். வண்டியைத் திருப்பும்போது மட்டும் பட்டன் விட்டுவிட்டு வேலை செய்தாலும் அதேதான்; உள்ளே இருக்கும் நாடா வயர் அறுந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டு பக்க விளக்கும், டாஷ்போர்டின் மற்ற விளக்குகளும் ஒரே நேரத்தில் போயிருந்தால் ஃப்யூஸைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் இருட்டாக இருந்தால் அந்தப் பக்கத்து போர்டில் எல்இடி போயிருக்கிறது. பட்டன் ஒன்றுக்கு ஒன்று மாறி வேலை செய்தால் பட்டனின் ரப்பருக்கு அடியில் அழுக்கு.

ஏன் மாறுகிறது? ஒவ்வொரு பட்டனுக்கும் தனி வயர் கிடையாது. ஒரே வயரில் ரெசிஸ்டர்களை (மின்தடைகளை) வரிசையாகக் கோர்த்திருக்கிறார்கள். எந்த பட்டனை அழுத்தினாலும் ஸ்டீரியோ பார்ப்பது ஓம் அளவை மட்டுமே. ஆடியோ சுவிட்சில் ஏயூ1 என்ற முனைக்கும் ஈஏயூ என்ற பொது முனைக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்தால், எதையும் அழுத்தாதபோது சுமார் 100 கிலோ ஓம். அடுத்த பாட்டு பட்டனுக்கு 2.5 ஓமுக்குக் கீழ். முந்தைய பாட்டுக்கு சுமார் 330 ஓம். சத்தம் கூட்ட 1 கிலோ ஓம், குறைக்க 3.1 கிலோ ஓம். மோடு, போன் பட்டன்கள் இருந்தால் அவை ஏயூ2 முனையில் இதே படிக்கட்டில் வரும். இப்போது, முந்தைய பாட்டு பட்டனுக்கு அடியில் 700 ஓம் அளவுக்கு அழுக்குப் படிந்தால் கணக்கு 1 கிலோ ஓமைத் தொட்டுவிடும். ஸ்டீரியோ அதைச் சத்தம் கூட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். சத்தம் கூட்டும் பட்டனில் 2 கிலோ ஓம் சேர்ந்தால் அது குறைக்கும் பட்டனாகிவிடும். குறைக்கும் பட்டனில் அழுக்கு சேர்ந்தால் மேலே படி இல்லாததால் எதுவுமே நடக்காது. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த பட்டன் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று அறிகுறியை வைத்தே சொல்லலாம்.

இந்த அளவை ஏர்பேக் பக்கமே போகாமல் எடுக்க முடியும். ஸ்டீரியோவை வெளியே இழுத்து, பின்னால் வரும் கனெக்டரைக் கழற்றி, ஸ்டீயரிங் வயர்களில் மீட்டரை வையுங்கள். ஒவ்வொரு பட்டனையும் மெதுவாக ஒருமுறை, அழுத்தமாக ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். நல்ல பட்டன் இரண்டு முறையும் ஒரே எண்ணைக் காட்டும். அழுக்கு பட்டன் 900, 600, 400 என்று இறங்கிக்கொண்டே இருக்கும். பட்டனை அழுத்தியபடி ஸ்டீயரிங்கை இருபுறமும் திருப்பும்போது எண் துள்ளினால் கிளாக் ஸ்பிரிங். கடைக்குப் போகும்முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிக்காதவர்கள்தான் தேவையில்லாமல் சுவிட்ச் செட் வாங்குகிறார்கள்.

அடுத்தது ஏர்பேக். இங்கே அவசரத்துக்கு இடமே கிடையாது. சக்கரங்களை நேராக வைத்து, சாவியை எடுத்துவிட்டு, 10 மி.மீ. ஸ்பேனரால் பேட்டரி நெகட்டிவ் முனையைக் கழற்றி, திரும்பத் தொடாதபடி ஒதுக்கிக் கட்டுங்கள். டொயோட்டா சொல்வது குறைந்தது 90 விநாடி காத்திருப்பு. விபத்தில் பேட்டரி அறுந்தாலும் ஏர்பேக் வெடிக்க வேண்டும் என்பதற்காக அதன் கன்ட்ரோல் யூனிட்டில் மின்சாரம் கொஞ்சம் சேமித்து வைக்கப்பட்டிருக்கும். அது வடிய வேண்டும். ஐந்து நிமிடம் விட்டாலும் நஷ்டமில்லை.

ஸ்டீயரிங்கின் இருபக்கத்திலும் சின்ன மூடிகள் இருக்கும். நுனியில் டேப் சுற்றிய ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே பக்கத்துக்கு ஒரு டி30 டார்க்ஸ் ஸ்க்ரூ, ஆறு முனைக் குழி உள்ளது. இது முழுதாக வெளியே வராது. தளர்ந்து, தன் கூட்டிலேயே சிக்கி நிற்கும். அதுதான் சரி. வரவில்லையே என்று இழுத்து மல்லுக்கட்டுபவர்கள்தான் கூட்டை உடைக்கிறார்கள். இரண்டும் தளர்ந்ததும் பேட் உங்கள் பக்கம் வரும். ஒரு கையில் தாங்கிக்கொண்டு ஹாரன் வயரைக் கழற்றுங்கள். மஞ்சள் ஏர்பேக் கனெக்டரின் நடுவில் ஒரு பூட்டு இருக்கும்; அதை மெல்லிய முனையால் மேலே தூக்கிய பிறகே கனெக்டர் வரும். பூட்டைத் தூக்காமல் வயரைப் பிடித்து இழுக்கவே கூடாது.

கழற்றிய பேடை முகப்பு மேலே பார்க்கும்படி தனியாக வையுங்கள். மேலே எதையும் வைக்காதீர்கள், கவிழ்த்தும் வைக்காதீர்கள். வெடித்தால் கவிழ்ந்த பேட் ராக்கெட் மாதிரி எழும். அதன் முனைகளில் மல்டிமீட்டர் படவே கூடாது. மீட்டரின் சிறு மின்னோட்டமே அதைத் தூண்டக்கூடும். பேட் வெளியே இருக்கும்போது பேட்டரியை மாட்டி சாவியைத் திருப்பினால் கோளாறு பதிவாகி ஏர்பேக் விளக்கு அணையாமல் நின்றுவிடும். பிறகு ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும். விளக்கு எரிகிறதா என்று பார்க்கும் ஆசையில் பலர் சறுக்கும் இடம் இது.

சுவிட்சுகள் சிறு ஸ்டார் (பிளஸ் தலை) ஸ்க்ரூவில் நிற்கும். பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் ஸ்க்ரூக்கள் என்பதால் திரும்பப் போடும்போது முதலில் எதிர்ப்பக்கம் மெல்லத் திருப்பி, 'டக்'கென்று பழைய மரையில் விழுந்த பிறகு இறுக்குங்கள்.

போர்டைத் திறந்தால் சிலிகான் ரப்பர் ஷீட். ஒவ்வொரு பட்டனுக்கும் கீழே கறுப்பு கார்பன் வில்லை. நல்ல வில்லை மங்கிய கறுப்பாக, சாக்கட்டி போல் இருக்கும். கெட்டது பளபளக்கும், விரல் எண்ணெயும் தூசியும் சேர்ந்து மெழுகிய தரை மாதிரி. 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியை நனைத்து, வில்லையையும் எதிரே போர்டில் இருக்கும் சீப்பு வடிவத் தடங்களையும் துடையுங்கள். குச்சி கறுக்காமல் வரும்வரை வேண்டாம். இரண்டு முறை போதும், அதற்கு மேல் கார்பனே கரையும். உப்புத்தாள் போடாதீர்கள். துருநீக்கும் ஸ்ப்ரே அடித்தால் அன்றைக்கு வேலை செய்யும். அந்த எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, பழைய கோளாறு முன்பைவிட வேகமாகத் திரும்பும். வில்லை உரிந்தே போயிருந்தால் பழைய டிவி ரிமோட்டின் ரப்பரிலிருந்து வில்லையை மெல்லியதாக வெட்டி சிலிகான் பசையில் ஒட்டலாம். மின்சாரம் கடத்தும் பெயின்ட் பூசுவதைவிட இது பல மடங்கு நாள் தாங்கும். பெயின்ட் அழுத்த அழுத்தத் தூளாகி உதிர்கிறது.

விளக்குக்கு வருவோம். பேச்சில் பல்பு என்கிறோம். இந்த சுவிட்சுகளில் இருப்பது போர்டில் ஈயம் வைத்த எஸ்எம்டி எல்இடி. கழற்றி மாட்டும் சாக்கெட் கிடையாது. பழைய இறக்குமதி வண்டிகள் சிலவற்றில் நெல்மணி அளவு இழை பல்பு இருக்கும். அதற்கு பிளஸ் மைனஸ் பார்க்க வேண்டாம், எல்இடிக்குப் பார்த்தே ஆக வேண்டும். வாங்கும்முன் பழையதன் அளவை அளந்துகொள்ளுங்கள்: 3.5க்கு 2.8 மி.மீ. என்றால் 3528, 2க்கு 1.25 என்றால் 0805. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இரண்டுமே எளிதாகக் கிடைக்கும்; பத்து இருபது சேர்த்து வாங்குங்கள், ட்வீசரிலிருந்து பறந்துபோனது கிடைக்காது.

நிறத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எழுத்துக்கு அடியில் நிறப் படலம் இருந்தால் வெள்ளை எல்இடி போட்டால் அந்த நிறம்தான் வரும். பச்சைப் படலத்தின் கீழ் நீல எல்இடி போட்டால் கிட்டத்தட்ட இருட்டு.

நிறம் மாறினால் மின்னழுத்தமும் மாறும். பழைய பச்சை எல்இடிக்கு சுமார் 2.1 வோல்ட், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 முதல் 3.4 வரை. ஒரு எல்இடி 680 ஓம் ரெசிஸ்டரோடு இருந்தால், வண்டி ஓடும்போது வரும் 13.8 வோல்ட்டில் வெள்ளைக்கு 15 மில்லி ஆம்பியருக்கு மேல் பாயும். இன்றைய வெள்ளை எல்இடிக்கு அது மிக அதிகம். ராத்திரி நெடுஞ்சாலையில் கண்ணை உறுத்தும். தவிர, அந்த ரெசிஸ்டரில் 0.16 வாட் வெப்பம் வரும்; 0805 அளவு ரெசிஸ்டரின் தாங்குதிறன் வழக்கமாக 0.125 வாட். 2.2 கிலோ ஓமாக மாற்றினால் சுமார் 5 மில்லி ஆம்பியர், 0.05 வாட். வெளிச்சம் போதும், வெப்பமும் இல்லை. இரண்டு எல்இடி தொடராக இருந்தால் 1.5 கிலோ ஓம் போடுங்கள். மூன்று வெள்ளையைத் தொடராகக் கோர்க்காதீர்கள், அவையே 9.6 வோல்ட்டை எடுத்துக்கொள்வதால், எஞ்சினை அணைத்து பேட்டரி 12.2-க்கு வந்ததும் வெளிச்சம் பாதியை நோக்கி இறங்கும். தொடரில் ஒன்று செத்தால் மற்றதும் அணையும். இரண்டு எழுத்து சேர்ந்தே இருட்டாவதற்குக் காரணம் இதுதான். செத்த ஒன்றைக் கண்டுபிடிக்க மீட்டரை டையோடு நிலையில் வைத்து ஒவ்வொன்றாகத் தொடுங்கள். நல்லது மங்கலாக மினுங்கும்.

புது எல்இடியையும் இப்படியே சோதித்து, மினுங்கும்போது கறுப்பு முனை தொட்ட பக்கம் மைனஸ் என்று குறியுங்கள். மூலை வெட்டை நம்ப வேண்டாம், எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதில்லை. சால்டரிங் அயர்ன் 330 டிகிரி, 0.5 மி.மீ. ஈயக் கம்பி, ஈயம் நன்றாகப் பற்ற கொஞ்சம் ஃப்ளக்ஸ். பழைய ஈயமில்லா பற்றின் மேல் முதலில் புது ஈயத்தை வைத்தால் சீக்கிரம் இளகும். இரு முனையையும் மாறி மாறிச் சூடாக்கி ட்வீசரால் தூக்குங்கள்; இழுத்தால் செம்புத் தடம் உரியும். புதியதில் ஒரு முனைக்கு மூன்று விநாடிக்கு மேல் அயர்ன் நிற்கக் கூடாது.

மூடும்முன் 12 வோல்ட் அடாப்டரிலிருந்து விளக்கு முனைகளுக்கு மட்டும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஏயூ1, ஏயூ2 முனைகளில் 12 வோல்ட் படக் கூடாது. வண்டியில் விளக்கின் மைனஸ் சில மாடல்களில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் வழியாகப் போகும். அதை பாடி எர்த்தில் கொடுத்தால் எரியும், ஆனால் டிம்மருக்குக் கட்டுப்படாது.

உண்மையிலேயே சுவிட்ச் உடைந்திருந்தால் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும் பழைய ஒரிஜினலை வாங்குவதே நல்லது; மீட்டரைக் கையோடு கொண்டுபோய் மேலே சொன்ன அளவுகளைக் கடையிலேயே பார்த்துவிடுங்கள். மலிவு டூப்ளிகேட்டில் எண்கள் ஒத்துவரும், ஆனால் எழுத்து பெயின்டில் அச்சடித்தது. சானிடைசர் கையோடு ஓட்டினால் ஓராண்டிலேயே தேய்ந்து, எழுத்து இருந்த இடத்தில் வெளிச்சத் திட்டு மட்டும் தெரியும். வெள்ளிப் பூச்சும் ஓரத்திலிருந்து உரியும். சுவிட்சே இல்லாத மாடலில் புதிதாகப் போட நினைப்பவர்கள் முதலில் கிளாக் ஸ்பிரிங்கில் அதற்கான பின்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் அதையும் மாற்ற வேண்டும். அப்போது ஸ்டீயரிங்கையே கழற்றி, புதியதை இடப்புறம் இறுகும்வரை கையால் மெல்லத் திருப்பி, அங்கிருந்து வலப்புறம் சுமார் இரண்டரைச் சுற்று கொண்டுவந்து குறிகளைப் பொருத்த வேண்டும். இது தவறினால் முதல் யூ-டர்னிலேயே நாடா அறும்.

ஒழுங்காக ஆல்கஹாலில் துடைத்த வில்லை ஆண்டுக்கணக்கில் நிற்கிறது. முதலில் திரும்பக் கெடுவது சத்தத்துக்கான இரண்டு பட்டன்கள்தான், அதிகம் அழுத்தப்படுவதால். 5 மில்லி ஆம்பியரில் ஓடும் எல்இடி பல கோடைகளைத் தாண்டியும் நிறம் மாறாமல் இருக்கிறது. 15-இல் விட்ட மலிவு வெள்ளை சீக்கிரமே நீலம் பாய்ந்து மங்குகிறது. வெயிலில் நிற்கும் வண்டியின் ஸ்டீயரிங் 60, 70 டிகிரியைத் தொடும் ஊரில் வேறு எதிர்பார்க்க முடியாது.

திரும்பப் பூட்டும்போது ஏர்பேக் கனெக்டரை 'கிளிக்' கேட்கும்வரை செருகி, பிறகு அதன் பூட்டை அழுத்துங்கள். ஹாரன் வயரும் சுவிட்ச் வயரும் பேடுக்கும் சட்டத்துக்கும் நடுவே நசுங்காமல் ஒதுங்கியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். நசுங்கிய ஹாரன் வயர் சில மாதம் கழித்துத் தானாக ஊத ஆரம்பிக்கும். டி30 ஸ்க்ரூக்களுக்கு 8.8 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்சில். மூடிகளைப் போட்டு, பேட்டரியை மாட்டி, உடம்பைக் கதவுப் பக்கம் ஒதுக்கி வைத்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஏர்பேக் விளக்கு சுமார் 6 விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாவிட்டால் வண்டியை எடுக்காமல், பேட்டரியைக் கழற்றி, மறுபடி காத்திருந்து, மஞ்சள் கனெக்டரின் பூட்டை முதலில் பாருங்கள்.