வகுப்பறை அனுபவம் இருக்கிறது, ஆன்லைன் டெஃபில் சான்றிதழும் வேண்டுமா?

டெஃபில் என்பது ஆங்கிலத்தை அந்நிய மொழியாகக் கற்பிப்பதற்கான பயிற்சி. வெளிநாட்டில் எட்டு, பத்து வருஷமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவரிடம் போய் "ஆன்லைனில் ஒரு டெஃபில் சான்றிதழ் எடுத்துவிடுங்களேன்" என்றால் அவருக்குச் சுருக்கென்று தைக்கும். நேற்றுக் கல்லூரி முடித்தவருக்கும் எனக்கும் ஒரே காகிதமா என்று கேட்பார். நியாயமான கேள்விதான். ஆனால் கோபத்தோடு யோசித்தால் இரண்டு வேறு தேவைகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். விசாவுக்கும் வேலை விண்ணப்பத்துக்கும் கேட்கிற காகிதம் ஒன்று. நம் கற்பித்தலை நிஜமாகவே மேம்படுத்தும் பயிற்சி இன்னொன்று. எது தேவை என்று தெரிந்துகொண்டு பணத்தைக் கட்டுவது நல்லது.

முதலில் 120 மணி நேர ஆன்லைன் சான்றிதழ். இருப்பதிலேயே மலிவானது, சீக்கிரம் முடிவது. பாடங்களைப் படித்து, கேள்விகளுக்கு விடை குறித்து, ஓரிரு பாடத்திட்டங்களை எழுதி அனுப்பினால் பெரும்பாலும் கையில் வந்துவிடும். ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. டெஃபில் என்ற பெயர் யாருக்கும் தனிச்சொத்து இல்லை என்பதால் எந்த நிறுவனமும் அந்தப் பெயரில் பயிற்சி நடத்தலாம். 'சர்வதேச அங்கீகாரம்' என்ற வரியை விளம்பரத்தில் பார்த்தால், அங்கீகாரம் கொடுத்தவர் யார் என்றும் பாருங்கள். படிப்புகளை நிலைவாரியாக வகைப்படுத்தும் பிரிட்டிஷ் தகுதிச் சட்டகத்தில் 'லெவல் 5' என்று சொல்லி, கேம்பிரிட்ஜின் ஆங்கில ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழான செல்டாவுக்குச் சமம் என்று விற்பவர்களும் உண்டு. செல்டாவும் லெவல் 5தான். ஆனால் எண் ஒன்றாக இருப்பதால் உள்ளே இருக்கும் பயிற்சியும் ஒன்றாகிவிடாது.

அதற்காக இந்தச் சான்றிதழ் வீண் என்று சொல்லமாட்டேன். சீனாவில் வேலை விசாவுக்குப் பட்டப்படிப்போடு இரண்டு ஆண்டுக் கற்பித்தல் அனுபவமோ 120 மணி நேரச் சான்றிதழோ கேட்பது வழக்கம். அனுபவம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கலாம்தான். ஆனால் அதை நிரூபிக்கப் பழைய பள்ளியிலிருந்து முத்திரையோடு கடிதம் வேண்டும். அந்தப் பள்ளி மூடப்பட்டிருந்தாலோ, மனக்கசப்போடு வெளியே வந்திருந்தாலோ, கடிதத்துக்கு அலைவதைவிடச் சான்றிதழை முடிப்பது சுலபம். வியட்நாமின் மொழி மையங்களில் பட்டத்தோடு கற்பித்தல் சான்றிதழையும் கேட்பார்கள், அங்கே வருஷக்கணக்கைச் சொல்லித் தப்பிக்க முடியாது. தென்கொரியாவில் தனியார் பயிற்சிக்கூடங்களுக்கான இ-2 விசாவுக்கு டெஃபில் கட்டாயமில்லை. அதே நாட்டின் அரசுப் பள்ளித் திட்டமான எபிக்கில், கல்வியியல் அல்லது ஆங்கிலப் பட்டமோ ஆசிரியர் உரிமமோ இல்லாதவர்கள் குறைந்தது 100 மணி நேரச் சான்றிதழ் காட்ட வேண்டும். தாய்லாந்தில் நிலைமை வேறு. பள்ளிகளில் முறைப்படி வேலைசெய்ய ஆசிரியர் மன்றமான குருசபாவின் உரிமம் தேவை, டெஃபில் காகிதம் அதற்கு மாற்றாகாது.

சரி, காகிதத் தேவை மட்டும்தான் என்றால் இருப்பதில் மலிவானதை எடுத்து முடித்துவிடுங்கள். இதில் கௌரவப் பிரச்சினை எதுவும் இல்லை. அதில் புதிதாகக் கற்றுக்கொள்வோம் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அடுத்தது செல்டா. கேம்பிரிட்ஜ் வழங்குவது, முழுநேரமாகப் படித்தால் நான்கு வாரம். 2020க்குப் பிறகு முழுவதையும் ஆன்லைனிலேயே முடிக்கவும் வழி வந்துவிட்டது. ஆன்லைனில் படித்தாலும் நிஜ மாணவர்களுக்கு, இரண்டு நிலைகளில், மொத்தம் ஆறு மணி நேரம் கற்பித்தே ஆக வேண்டும். பயிற்றுநர் ஒவ்வொரு வகுப்பையும் பார்த்துக் குறிப்பெடுப்பார். இதோடு நான்கு எழுத்துப் பணிகள், அனுபவமுள்ள ஆசிரியர்களின் வகுப்புகளை ஆறு மணி நேரம் கவனிப்பது. லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட்டிசோல் சான்றிதழும் ஏறக்குறைய இதே தரம்தான். அதில் நமக்குத் தெரியாத ஒரு மொழியைச் சில மணி நேரம் மாணவராக உட்கார்ந்து கற்க வேண்டும். பல காலமாக மேசைக்கு முன்னால் நின்றே பழகியவர்களுக்கு அது ரொம்ப நல்லது.

அனுபவசாலிக்கு செல்டா எதற்கு? நான் கேட்பது ஒரே கேள்விதான்: நீங்கள் பாடம் நடத்தும்போது, விஷயம் தெரிந்த ஒருவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கவனித்து, அப்புறம் உங்களோடு ஒரு மணி நேரம் பேசியிருக்கிறாரா? வெளிநாட்டில் கற்பிக்கும் பலருக்கு அப்படி ஒரு நாள் வாய்த்ததே இல்லை. 'ஹீ யூஸ்டு டு ஸ்மோக்' (முன்பு புகைத்துவந்தார், இப்போது இல்லை) என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் அதை ஐந்து நிமிஷம் விளக்கிவிட்டு "புரிந்ததா?" என்று கேட்போம். எல்லாரும் தலையாட்டுவார்கள், நாமும் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோம். கவனிக்கும் பயிற்றுநர் அந்தத் தலையாட்டலைக் குறித்துக்கொள்வார். "இப்போது அவர் புகைக்கிறாரா? முன்பு ஒருமுறை மட்டும் புகைத்தாரா, பலமுறையா?" என்று இரண்டு சின்னக் கேள்விகள் கேட்டிருந்தால் யாருக்குப் புரியவில்லை என்று அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நாம் எத்தனை நிமிஷம் பேசினோம், மாணவர்கள் எத்தனை நிமிஷம் பேசினார்கள் என்றும் கணக்குச் சொல்வார். வருஷக்கணக்கில் ஊறிப்போன பழக்கம் இப்படி யாராவது சுட்டிக்காட்டினால்தான் கண்ணில் படும். வினாடி வினாவில் முழு மதிப்பெண் எடுத்தாலும் அது தெரியவராது.

வேலைச் சந்தையும் இந்த ஆறு மணி நேரத்துக்கு மதிப்பு கொடுக்கிறது. பிரிட்டிஷ் கவுன்சில் அங்கீகாரம் பெற்ற பிரிட்டன் மொழிப்பள்ளிகளில், ஆசிரியருக்கான அடிப்படைத் தகுதிக்குக் குறைந்தது 100 மணி நேரப் பயிற்சியோடு ஆறு மணி நேரம் மேற்பார்வையில் கற்பித்திருக்க வேண்டும். வெறும் ஆன்லைன் பாடம் மட்டும் படித்தவர் அந்த அளவுகோலை எட்ட முடியாது.

செல்டாவின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். அது அடிப்படையில் புதியவர்களுக்கான பயிற்சி, கட்டணம் பல மடங்கு அதிகம், நான்கு வாரச் சம்பளமும் போகும். பழைய பழக்கத்தை மாற்ற மனமில்லாத அனுபவசாலிகள் அதில் புதியவர்களைவிட அதிகமாகத் திணறுவதுண்டு.

கற்பித்தல் அறிவைச் சோதிக்கும் கேம்பிரிட்ஜின் டிகேடி தேர்வைப் பற்றி ஒரு வரி போதும். ஒவ்வொரு பகுதியும் 80 நிமிஷத்தில் 80 கேள்வி, தேர்ச்சி தோல்வி கிடையாது, 1 முதல் 4 வரை தரநிலை மட்டும். வகுப்பறைப் பார்வை இல்லாததால் ஆன்லைன் சான்றிதழுக்குச் சொன்ன குறை இதற்கும் பொருந்தும்.

பன்னாட்டுப் பள்ளிகள்தான் உங்கள் குறி என்றால் இந்த எதிலும் காசு போடாதீர்கள். அவை பொதுவாகக் கேட்பது முறையான ஆசிரியர் உரிமம். வளைகுடாப் பல்கலைக்கழகங்களில் முதுகலைப் பட்டத்துக்குத்தான் முதல் மதிப்பு.

கடவுச்சீட்டால் கதவு மூடப்பட்டவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொரியாவின் இ-2 விசா பொதுவாக அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டவருக்குத்தான். நன்றாகக் கற்பிக்கும் ஒருவரைப் குடியுரிமையைப் பார்த்து ஒதுக்குவது அநியாயம். ஆனால் எந்த 120 மணி நேரச் சான்றிதழும் அந்த விதியை மாற்றாது. மாற்றும் என்று நம்பவைத்துப் பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

ஏற்கெனவே செல்டா முடித்து, பல ஆண்டு கற்பித்தவருக்கு இன்னொரு ஆன்லைன் சான்றிதழ் சுத்தமாகத் தேவையில்லை. அவர் பார்க்க வேண்டியது அனுபவமுள்ள ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் டெல்டா பட்டயம். லெவல் 7, அதாவது முதுகலை நிலை. பாடத்துறைத் தலைவர், ஆசிரியர் பயிற்றுநர் வேலைகளுக்கு அதைத்தான் தேடுவார்கள். மொத்தம் மூன்று பகுதிகள், எந்த வரிசையிலும் முடிக்கலாம். முதல் பகுதி எழுத்துத் தேர்வு மட்டும்தான். பயிற்சி வகுப்பில் சேராமலேயே சொந்தமாகப் படித்து ஒரு தேர்வு மையத்தில் எழுதிவிடலாம். மற்ற இரண்டுக்கும் பெரிய தொகை கட்டுமுன், இந்தப் படிப்பு நமக்கு ஒத்துவருமா என்று அதிலேயே தெரிந்துவிடும்.