பிரைட்டனில் மலிவு ஹாஸ்டல் தேடும் பெண்கள், பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

லண்டனிலிருந்தும் அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தும் வார இறுதிக்கு, இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை ஊரான பிரைட்டன் போகத் திட்டம் போடுகிறவர்களுக்காக, முக்கியமாகப் பெண்களுக்காக, இதை எழுதுகிறேன். இங்கே படிக்க வந்த நம் பிள்ளைகள் பலர், பகுதிநேர வேலையில் மிச்சம் பிடித்த காசில் முதலில் பார்க்கப் போகும் கடல் அதுதான். லண்டன் விக்டோரியா ஸ்டேஷனில் ரயில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரம். பிரைட்டன் ஸ்டேஷனிலிருந்து குவீன்ஸ் ரோடு வழியாக நேரே இறங்கி நடந்தால் கடற்கரை. ஊரில் எந்தக் குறையும் இல்லை. கடலை ஒட்டிய தெருக்களில் பட்ஜெட் ஹாஸ்டல் (படுக்கைக் கணக்கில் வாடகைக்கு விடும் மலிவு விடுதி) என்ற பெயரில் நடக்கும் சில இடங்களில்தான் பிரச்சினை. அப்படி ஓர் இடத்தில் நாங்கள் மாட்டினோம்.

அந்த விடுதியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் உங்களுக்கு அதிகம் உதவாது. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

போன ஆகஸ்டில் வெள்ளி, சனி இரண்டு இரவுகளுக்கு எனக்கும், என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்திக்கும் படுக்கை தேடினோம். பிரைட்டனில் வார நாள் விலை வேறு, வார இறுதி விலை வேறு. கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்காக மாப்பிள்ளை கோஷ்டிகளும் மணப்பெண் கோஷ்டிகளும் வெள்ளிக்கிழமை சாயங்காலமே வந்து இறங்கிவிடுவார்கள். ஆகஸ்ட் தொடக்கத்தில் பால்புதுமையினரின் பிரைட் (Pride) திருவிழா வார இறுதி என்றால் விலை இன்னும் ஏறும். அந்த நெரிசலிலும், பெண்களுக்கு மட்டுமான ஆறு பேர் அறையில் ஒரு படுக்கை இரவுக்கு 34 பவுண்டு என்று ஒரு முன்பதிவுத் தளத்தில் இருந்தது. இரண்டு பேருக்கு, இரண்டு இரவுக்கு, 136 பவுண்டு. பணத்தை அங்கே போய்க் கட்டலாம் என்று போட்டிருந்தது. கார்டு எண்ணை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி மூன்று நாளுக்குள் ரத்து செய்தால் முதல் இரவின் பணம் போய்விடும்.

வேலை முடித்துக் கிளம்பி நாங்கள் போய்ச் சேரும்போது இரவு ஒன்பதைத் தாண்டிவிட்டது. வரவேற்பில் ஓர் இளைஞர் மட்டும் இருந்தார். எங்கள் பதிவைத் திரையில் பார்த்துவிட்டு, பெண்கள் அறை நிரம்பிவிட்டது, ஆண்களும் பெண்களும் சேர்ந்து தங்கும் பன்னிரண்டு பேர் அறையில்தான் இடம் இருக்கிறது என்றார். உறுதிச் சீட்டில் பெண்கள் அறை என்று இருப்பதை போனில் காட்டினோம். அது "கோரிக்கை" மட்டும்தான், உத்தரவாதம் இல்லை என்றார். கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தட்டிவிட்டு, ஆளுக்கு இரவுக்கு 12 பவுண்டு கூடுதலாகக் கட்டினால் வேறொரு பெண்கள் அறைக்கு மாற்றித் தர முடியும் என்றார். நிரம்பிவிட்டதாகச் சொன்ன அறை காசு என்றதும் கிடைத்துவிட்டது.

"அக்கா, இது சரியில்லக்கா. வேணும்னே பண்றாங்க. வாங்க, வேற எங்கயாச்சும் பாப்போம்" என்று தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்தாள். அங்கேயே நின்றுகொண்டு போனில் தேடினோம். அந்த நேரத்தில் ஊரில் மிச்சம் இருந்த அறைகள் எல்லாம் 200 பவுண்டுக்கு மேல். போய்விட்டால் முதல் இரவின் பணத்தையும் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இந்த இடங்கள் நம்பியிருப்பது இந்த ராத்திரி வேளையைத்தான். பையோடு வந்து நிற்கும் இரண்டு பெண்கள் இருட்டில் வெளியே போகமாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

சரி என்று ஒத்துக்கொண்டதும் மற்றவை ஒவ்வொன்றாக வந்தன. கவுன்ட்டரில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது. அதன் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரிகளை அவர் விரலால் காட்டிக் காட்டிச் சொன்னார். படுக்கை விரிப்பு ஆளுக்கு 5 பவுண்டு, கட்டாயம். கார்டில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல். சாவிக்கு ஆளுக்கு 20 பவுண்டு டெபாசிட், அது ரொக்கமாக மட்டும். அந்த ரொக்கத்துக்காக நான் தங்கச்சியை அங்கே நிறுத்திவிட்டு ஏடிஎம் தேடி ஓடினேன். டெபாசிட்டுக்கு ரசீது கேட்டபோது, சாவியே ரசீதுதான் என்றார். 136 என்று கணக்குப் போட்டுப் போன இடத்தில், கிட்டத்தட்ட 240 பவுண்டு கையை விட்டுப் போயிருந்தது.

அறை தரைக்குக் கீழ்த்தளத்தில் இருந்தது. கதவைத் திறந்ததும் ஈரத் துணியை மூட்டை கட்டி வைத்த வாடை. ஜன்னல் ஒரு சுவரைப் பார்த்தபடி இருந்தது, சுவரின் அடிப்பக்கம் நெடுகக் கறுப்பாகப் பூஞ்சை. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கதவின் தாழ்ப்பாள் பிடுங்கப்பட்டிருந்தது. திருகாணி இருந்த நான்கு ஓட்டைகள் மட்டும் மரத்தில் இருந்தன. சாவியைத் திருப்பினால் சுற்றிக்கொண்டே இருந்தது, பூட்டவில்லை. மேலே போய்ச் சொன்னோம். காலையில் ஆள் வந்து பார்ப்பார் என்றார்கள்.

பதினொரு மணிக்கு வரவேற்பை மூடிவிட்டுப் போய்விட்டார்கள். இரவு இரண்டு மணி வாக்கில், பார்ட்டிக்கு வந்த கோஷ்டியில் ஓர் ஆள் தள்ளாடிக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே வந்து நின்றார். தன் அறை என்று நினைத்திருக்கலாம், கத்தியதும் போய்விட்டார். ஆனால் அதே அறையில் இருந்த வேறொரு சின்னப் பெண் விடியும் வரை அழுகையை நிறுத்தவில்லை. அவசர எண் என்று ஒட்டியிருந்ததை அழைத்தால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேல் படுக்கைக்கு ஏறும் ஏணியைக் கழற்றிக் கதவுக்குக் குறுக்கே வைத்து, எங்கள் முதுகுப் பைகள் எல்லாவற்றையும் அதன் மேல் சாய்த்து வைத்தோம். இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். பெண்களுக்குப் பாதுகாப்பான அறை என்று சொல்லித் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, பூட்டு இல்லாத அறையைக் கொடுப்பது சில்லறைத் திருட்டு இல்லை.

காலையில் வெளியேறினோம். இரண்டாவது இரவின் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றார்கள். டெபாசிட்டைக் கேட்டால், வாங்கியவர் இப்போது வேலையில் இல்லை, பணப்பெட்டி திங்கள்கிழமைதான் திறக்கும், மின்னஞ்சல் அனுப்புங்கள் என்றார்கள். ஞாயிறு ஊர் திரும்புகிறவர்களுக்குத் திங்கள்கிழமை பணப்பெட்டியால் என்ன பயன்? அனுப்பிய மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை.

இப்போது பெயர் விஷயம். திரும்பி வந்த பிறகு, விடுதியின் பெயரை விட்டுவிட்டு அதன் கதவு எண்ணையும் தெருப் பெயரையும் போட்டுத் தேடினேன். அதே கட்டடத்தில் வேறொரு பெயரில் ஒரு ஹாஸ்டல் இருந்திருக்கிறது. அந்தப் பெயருக்குக் கீழே இதே கதைகள்: கதவு, ரொக்க டெபாசிட், மாற்றிய அறை. பெயர்ப்பலகையை மாற்றியதும் அந்த விமர்சனங்கள் எல்லாம் பழைய பெயரோடு தங்கிவிட்டன. புதுப் பெயரில் நல்ல மதிப்பெண். கூகுள் மேப்பில் தெருக் காட்சியைத் திறந்து, பழைய ஆண்டுகளின் படங்களைப் பார்த்தால் பலகை மாறியிருப்பது அப்படியே தெரிகிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் பழைய தேதிகளைத் தேர்ந்தெடுக்கும் வசதி சுலபமாகக் கிடைக்கும். எந்த ஊருக்குப் போனாலும் மலிவான இடம் என்றால் முகவரியைப் போட்டுத் தேடுங்கள். நான் சொல்லக்கூடியதில் உருப்படியான விஷயம் இதுதான்.

அடுத்தது சட்டம். கவுன்ட்டரில் அவர்கள் காட்டிய தாள் சட்டத்துக்கு மேலானது இல்லை. பிரிட்டனில் 2018 ஜனவரி 13-லிருந்து, சாதாரண டெபிட், கிரெடிட் கார்டில் கட்டும் நுகர்வோரிடம் அதற்காகத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது. ஒரு சதவீதம்கூட. 2025 ஏப்ரல் 6-லிருந்து இன்னொரு சட்டம் அமலில் இருக்கிறது: கட்டாயமாகக் கட்ட வேண்டிய எந்தத் தொகையும் முதலில் காட்டும் விலைக்குள்ளேயே இருக்க வேண்டும். விரிப்புக்கு ஐந்து பவுண்டு கட்டாயம் என்றால் அது 34-க்குள் அடங்கியிருக்க வேண்டும், கவுன்ட்டரில் வந்து முளைக்கக் கூடாது. பெண்கள் அறை என்று விளம்பரப்படுத்தி விற்றுவிட்டு அதற்கே மேல்காசு கேட்பதை, 2015-ன் நுகர்வோர் உரிமைச் சட்டத்தை வைத்தே கேள்வி கேட்கலாம்.

பணம் திரும்ப வாங்க நான் செய்தது இது. முன்பதிவுத் தளம் விடுதியைக் கேள் என்றது, விடுதி பேசவில்லை. அதனால் நேராக என் வங்கிக்குப் போனேன். டெபிட் கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமாகத் திரும்பக் கேட்கச் சார்ஜ்பேக் என்று ஒரு வழி உண்டு. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள் அவகாசம், ஆனாலும் தள்ளிப்போடாதீர்கள். உறுதிச் சீட்டில் அறை வகையும் மொத்த விலையும் தெரியும் படம், கார்டு ரசீது, தாழ்ப்பாள் இல்லாத கதவின் படம், அந்தக் கவுன்ட்டர் தாளின் படம் எல்லாவற்றையும் அனுப்பினேன். வாரக்கணக்கில் இழுத்தடித்த பிறகு அறை மாற்றக் காசு, விரிப்புக் காசு, கார்டுக் கட்டணம் மூன்றும் சேர்த்து 63 பவுண்டு 82 பென்ஸ் வந்தது. கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னும் பலமான பாதுகாப்பு உண்டு: 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை விலையுள்ள ஒரு பொருளுக்கோ சேவைக்கோ, நுகர்வோர் கடன் சட்டத்தின் பிரிவு 75-ன்படி கார்டு நிறுவனமும் சேர்ந்து பொறுப்பு.

ரொக்கமாகக் கொடுத்த 40 பவுண்டு வரவே இல்லை. ரசீது இல்லாத ரொக்கத்துக்கு வங்கி ஒன்றும் செய்ய முடியாது, அதனால்தான் டெபாசிட்டை மட்டும் ரொக்கமாகக் கேட்கிறார்கள். கார்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். முடியாது என்றால், தேதியும் கையெழுத்தும் போட்டு ஒரு துண்டுச் சீட்டாவது எழுதி வாங்கிய பிறகு காசைக் கொடுங்கள்.

இங்கிலாந்தில் புகார் செய்ய சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133, இலவசம். அவர்கள் விவரத்தை வாங்கி உள்ளூர் டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸுக்கு (நுகர்வோர் சட்டத்தை அமல்படுத்தும் அலுவலகம்) அனுப்பிவைப்பார்கள். நானும் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். விசா மாணவர் புகார் கொடுத்தால் பிரச்சினை வருமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். நுகர்வோர் புகாருக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

ரயிலிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். லண்டன்–பிரைட்டன் வழியில் ஒரு குறிப்பிட்ட கம்பெனி ரயிலுக்கு மட்டும் செல்லும் மலிவு டிக்கெட்டுகள் உண்டு. அதை வைத்துக்கொண்டு கேட்விக் எக்ஸ்பிரஸில் ஏறிவிடாதீர்கள். லண்டன் பயண அட்டையான ஆய்ஸ்டர் கார்டு கேட்விக் விமான நிலையம் வரைதான், பிரைட்டனில் செல்லாது. சரியான டிக்கெட் இல்லாமல் பிடிபட்டால், 2023 ஜனவரியிலிருந்து அபராதம் 100 பவுண்டும் ரயில் கட்டணமும். 21 நாளுக்குள் கட்டினால் அபராதம் பாதியாகும்.

இதையெல்லாம் படித்துவிட்டு பிரைட்டனே வேண்டாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அந்தச் சனிக்கிழமை பகல் முழுக்க நாங்கள் அங்கேதான் இருந்தோம். கூழாங்கல் கரைக்குக் காசு இல்லை. அலை பின்வாங்கும்போது கற்கள் ஒன்றோடொன்று உரசி எழுப்பும் சத்தம், மணல் கடற்கரையில் வளர்ந்த நமக்குப் புதிது. நல்ல அடிப்பாகம் உள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், வெறுங்காலில் பத்தடி நடக்க முடியாது. கரை திடீரென்று சரிந்து ஆழமாகிவிடும், குளிப்பதானால் உயிர்காப்பாளர்கள் நடும், சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு நடுவில் மட்டும். கடலுக்குள் நீண்டு நிற்கும் பேலஸ் பியர் பாலத்தில் வெளியூர்க்காரர்களுக்கு 2024-லிருந்து நுழைவுக் கட்டணம் வந்துவிட்டது. எரிந்துபோன வெஸ்ட் பியரின் இரும்புக் கூட்டைக் கரையிலிருந்தே பார்க்கலாம்.

ராயல் பெவிலியன் உள்ளே போகக் காசு, தோட்டம் இலவசம். முதல் உலகப் போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அந்த அரண்மனைதான் ஆஸ்பத்திரி. வெவ்வேறு மதத்தவருக்கும் சாதியினருக்குமாக ஒன்பது சமையற்கூடங்கள் நடத்தியிருக்கிறார்கள். நன்றிக்காக இந்தியா கொடுத்த வாசல் தெற்குப் பக்கம் நிற்கிறது, 1921-ல் திறந்தது. இறந்துபோன இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை எரியூட்டிய இடத்தில், ஊருக்கு வெளியே பேட்சம் பக்கம் குன்றின் மேல், சத்ரி என்ற வெள்ளைப் பளிங்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. வெயில் நாளில் ஏறிப் போய்ப் பாருங்கள், யாரும் உங்களிடம் ஒரு பென்ஸ்கூடக் கேட்கமாட்டார்கள். செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைகளுக்கு ஊருக்குள்ளிருந்தே பஸ் போகிறது.

தங்குவதானால் ஞாயிறு முதல் வியாழன் வரை பாருங்கள், விலை நன்றாகவே இறங்கும். வார இறுதிதான் முடியும் என்றால், பக்கத்து ஊரான வொர்த்திங்கில் தங்கிவிட்டு ரயிலில் வந்துபோகலாம், அரை மணி நேரம்கூட ஆகாது. இல்லையென்றால் காலையில் போய் இரவு திரும்பிவிடுங்கள். லண்டனுக்கு நடுராத்திரி நெருங்கும் வரை ரயில் இருக்கிறது.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் மூன்று வேலை செய்யுங்கள். அந்த முகவரியை இன்றைக்கே தேடிப் பாருங்கள். இலவசமாக ரத்து செய்யும் கடைசி தேதி என்ன என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அதற்கு முன்னாலேயே விடுதிக்கு எழுதி, பெண்கள் அறை உறுதிதானா, கதவு உள்ளே பூட்டுமா, மொத்தம் எவ்வளவு என்று பதில் எழுத்தில் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் ரத்து செய்துவிடுங்கள்.