யாரும் காசு கேட்காத பாதைக்கு 96 யூரோ: காப் ஃபெரா செல்வோர் கவனத்திற்கு

நேற்றுக் காலை நடந்தது. வயிற்றெரிச்சல் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன். பிரான்சின் தென்கரையில், நீஸ் நகருக்கும் மொனாக்கோவுக்கும் இடையே கடலுக்குள் நீண்டு கிடக்கும் காப் ஃபெரா முனையைச் சுற்றிவரும் கரையோர நடைபாதைக்காக, சுற்றுலா முன்பதிவுத் தளம் ஒன்றில் ஆளுக்கு 48 யூரோ வீதம், மனைவிக்கும் எனக்குமாக 96 யூரோ கட்டினேன். அந்தப் பாதையில் நடக்கக் கட்டணமே கிடையாது.

ஏமாந்த இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பெருஞ்செல்வர்களின் மாளிகைகளை ஒட்டிச் செல்வதால் இப்பாதைக்கு நாளொன்றுக்குச் சிலருக்கே அனுமதி என்றும், எங்கள் தேதியில் இரண்டே இடங்கள் மிச்சம் என்றும் அந்தத் தளம் சொன்னது. பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டு நிலம் வாங்கிப் போட்ட ஊர், ரோத்ஷில்டு என்ற பெரும் வங்கியாளர் குடும்பத்துப் பெண்மணி இளஞ்சிவப்பு மாளிகை எழுப்பிய ஊர். அந்த மாளிகையைப் பார்க்க நுழைவுச்சீட்டு உண்டு என்பது எனக்குத் தெரியும், ஆகவே பாதைக்கும் இருக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். போதாததற்கு, என் மனைவிக்கு முழங்கால் வலி என்று வாட்ஸ்அப்பில் எழுதியதும், "கவலை வேண்டாம், வழிகாட்டி மெதுவாகவே அழைத்துச் செல்வார்" என்று ஒரு நிமிடத்திற்குள் பதில் வந்தது. அந்தக் கரிசனத்தில்தான் விழுந்தேன்.

காலை 9 மணிக்கு, அந்த முனையில் உள்ள சான் ழான் என்ற ஊரின் துறைமுகத்தில் க்யூஆர் கோடு அச்சிட்ட தாளோடு நின்றோம். 10:10 வரை ஒருவரும் வரவில்லை. நாயை நடத்திக்கொண்டு வந்த மூதாட்டி ஒருவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, இது எல்லோருக்கும் பொதுவான பாதை அல்லவா என்று சிரித்தார். கடற்கரையை ஒட்டிய தனியார் நிலங்களில் மூன்று மீட்டர் அகலத்துக்கு நடப்போருக்கு வழிவிட வேண்டும் என்று 1976ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் சட்டம் வந்திருப்பதைப் பிறகுதான் படித்தேன். கோடீசுவரர்களே வழிவிட்டாக வேண்டிய அந்த மூன்று மீட்டரை எவனோ ஒருவன் எனக்கு விற்றிருக்கிறான்!

வழிகாட்டி இல்லாமலே நடந்தோம். ஒருபுறம் மாளிகைகளின் மதில், மறுபுறம் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையில் அறையும் அலை, தலைக்கு மேல் பைன் மரங்கள். அழகில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் கலங்கரை விளக்கம் வரும்வரை என் மனம் 96 யூரோவிலேயே இருந்தது. அந்தத் தாளில் மனைவி பீச் பழக் கொட்டைகளை மடித்து வைத்துக்கொண்டாள், அதற்காவது பயன்பட்டது.

அதன்பின் தொடங்கியது தட்டிக்கழிப்பு. முதலில், 48 மணி நேரத்தில் பதில் வரும் என்ற தானியங்கிச் செய்தி. பிறகு, வழிகாட்டி வந்திருந்தார், நீங்கள்தான் வரவில்லை என்றார்கள். நேரம் பதிவான துறைமுகப் படங்களை அனுப்பியதும், ரத்து செய்யும் கெடு முடிந்துவிட்டது என்று பேச்சை மாற்றினார்கள். கடைசியாக, அடுத்த முன்பதிவில் 10 சதவீதத் தள்ளுபடிக்கு ஒரு வவுச்சர்! முழங்காலை விசாரித்த அந்த வாட்ஸ்அப் எண்ணில் இப்போது என் செய்திகள் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. நீங்களே ஓடிபி போட்டு ஒப்புதல் அளித்த பணம் என்று வங்கியும் கையை விரித்துவிட்டது. 96 யூரோ போனது போனதுதான்.

போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பாதைக்கு எவரிடமும் சீட்டு வாங்காதீர்கள். நீஸிலிருந்து ரயிலேறி பொலியூவில் இறங்கினால் கடலோரமாகவே சான் ழானுக்கு நடந்துவிடலாம். கடல் கொந்தளிக்கும் நாளில் போகாதீர்கள். "இரண்டே இடங்கள் மிச்சம்" என்று கண்டால் அந்தப் பக்கத்தை உடனே மூடிவிடுங்கள்.