20,000 ரூபாய் பட்ஜெட்டில் ஒரு பேஸ் கிட்டார்: சென்னையில் மூன்று நாள்

டொராண்டோவிலிருந்து கிளம்பும் முன்பே அக்கா மகன் கேட்டுவிட்டான்: "மாமா, எனக்கு ஒரு பேஸ் கிட்டார் கொண்டு வர முடியுமா?" விமானத்தில் கிட்டாரின் நெக் (நீளமான கழுத்துப் பகுதி) உடைந்துவிடும் என்ற பயத்தில், "சென்னையிலேயே வாங்கலாம், நானும் கூட வர்றேன்" என்றேன். பதினைந்து வயதுப் பையன். இளையராஜா பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டு, நண்பனிடம் இரவல் வாங்கிய கிட்டாரில் தானாகவே பிடித்திருக்கிறான். அவன் கைக்குச் சரியாக அமைய வேண்டுமே என்ற கவலை எனக்கு.

பட்ஜெட் 20,000 ரூபாய். ஆயிரம் இரண்டாயிரம் கூடினால் பரவாயில்லை. மவுண்ட் ரோட்டில் இருக்கும், 1842-இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் கடையில் ஆரம்பித்து இரண்டு நாள் சுற்றினோம். கடைசியில் மூன்று மாடல்கள் மிஞ்சின: யமஹா டிஆர்பிஎக்ஸ் 174, ஐபனெஸ் ஜிஎஸ்ஆர் 200, கோர்ட் ஆக்‌ஷன். மூன்றுமே 34 அங்குல ஸ்கேல், அதாவது ஸ்ட்ரிங் அதிர்கிற நீளம். அவன் விரலுக்கு 28.6 அங்குல ஐபனெஸ் மைக்ரோ நன்றாக இருக்குமோ என்று நினைத்தேன். நாங்கள் போன இடங்களில் கையிருப்பு இல்லை. ஆனால் 34 அங்குலத்திலேயே முதல் ஃப்ரெட்டை (நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளில் முதலாவது) அவன் எட்டிப் பிடித்துவிட்டான். சரி, இன்னும் வளர்கிற பையன்தானே என்று விட்டுவிட்டேன்.

ஒரு கடையில் மட்டும் மனசு கஷ்டமாகிவிட்டது. ஆம்ப்பில் (ஆம்ப்ளிஃபையர்) போட்டுக் காட்ட மறுத்தார்கள். ஸ்ட்ரிங் ஃப்ரெட்டிலிருந்து எவ்வளவோ உயரத்தில் நின்றது. பையன் அழுத்த முடியாமல் தவிக்க, "வாசிக்க வாசிக்க விரல் பழகிடும்" என்றார்கள். பழகாது. வலிதான் மிஞ்சும், அதோடு ஆசையும் போய்விடும். ஸ்ட்ரிங் உயரம் கிட்டாரில் சரிசெய்யக்கூடிய விஷயம் என்பதையாவது அவர்கள் சொல்லியிருக்கலாம்.

அடுத்த கடையில் மூன்றையும் ஒரே ஆம்ப், ஒரே கேபிள், எல்லாக் குமிழும் நடுவில் என்று வைத்துக் கேட்டோம். விளக்கம் வேண்டாம், இப்படி ஒரு தடவை கேட்டால் போதும். ஐபனெஸ்ஸின் நெக் ஒல்லி, கை தடையில்லாமல் ஓடுகிறது. அடிநாதத்தைத் தூக்கிவிட ஒரு தனிக் குமிழும் உண்டு. அதற்கு 9 வோல்ட் பேட்டரி வேண்டும். கேபிளைப் பிடுங்காமல் விட்டால் அது தீர்ந்துபோகும், மேடையில் சத்தம் நின்றுவிடும். யமஹாவுக்குப் பேட்டரியே கிடையாது. பி, ஜே என்று இரண்டு பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் பாகம்). பி பிக்கப்பை மட்டும் வைத்து தடித்த 'ஈ' ஸ்ட்ரிங்கைத் தட்டியதும் பையன் என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையிலேயே முடிவாகிவிட்டது. கோர்ட்டும் நல்ல கிட்டார்தான், எங்களுக்குக் கிடைத்ததில் ஃப்ரெட் ஓரங்கள் கொஞ்சம் கையைக் கீறின.

யமஹாவை வாங்கியது பாதி வேலைதான். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, வடசென்னையில் ஒரு சின்னப் பட்டறைக்குப் போனோம். மாடிப்படிக்குக் கீழே ஒரு மேஜை, ஒரு டியூப்லைட், வரிசையாக அரங்கள். கிட்டார் பழுது பார்க்கும் அண்ணன் ஆம்ப்பைத் தொடவே இல்லை. 'ஈ' ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்தச் சொன்னார். ஏழாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைத்துப் பார்த்தார். இடைவெளி அதிகம், நெக் முன்னால் வளைந்திருக்கிறது. நெக்குக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற கம்பியைக் கால் சுற்று திருகிவிட்டு, "கொஞ்ச நேரம் இருக்கட்டும் சார், மரம் மெதுவாத்தான் கேட்கும்" என்றார். டீ குடித்துவிட்டு வந்தோம். அப்புறம்தான் உடல் பக்கத்துப் பிரிட்ஜில், ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சேடில்களை இறக்கினார். மறுமுனையில் ஸ்ட்ரிங்குகள் உட்காரும் நட்டில் பள்ளங்களை அரத்தால் இரண்டு மூன்று இழுப்பு. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அதே இடத்தில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும் ஒன்றாக வரும்வரை சேடிலை முன்னும் பின்னும் நகர்த்தினார். அழுத்திய சுரம் ஏறி ஒலித்தால் சேடிலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும் என்று பையனுக்குச் சொல்லிக்கொடுத்து, கடைசி ஸ்ட்ரிங்கை அவனையே செய்யவும் வைத்தார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஜே பிக்கப்பை மட்டும் போட்டால் 'ம்ம்' என்று இரைச்சல் வந்தது. ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு அது இயல்பு, டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் பக்கத்தில் இருந்தால் இன்னும் கூடும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் உள்ள ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒட்டுகிற செம்புத் தகடு ஒரு சுருள் வாங்கி வந்தோம். பிக்கப் குழிக்குள் அதை ஒட்டி, எர்த் கம்பியோடு சோல்டர் செய்தார். இரைச்சல் முழுதாகப் போகவில்லை, பாதிக்கு மேல் குறைந்தது. ஒன்று சொல்ல வேண்டும்: உள்ளே பிரித்தால் வாரண்டி என்னவாகும் என்று கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டுவிட்டுத்தான் பிரித்தோம்.

எல்லாவற்றுக்கும் அவர் வாங்கியது 1,500 ரூபாய். அரை நாள் வேலை. கூடக் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார். அன்று இரவு பையன் ஒரு மணி நேரம் வாசித்துவிட்டு விரலைக் காட்டினான், சிவந்திருந்தது, கொப்புளம் இல்லை.

டொராண்டோக் குளிரில் ஹீட்டர் ஓடி ஓடி என்னுடைய பேஸின் மரம் காய்ந்து, ஃப்ரெட் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடுத்த மார்கழிக்கு அதையும் கெட்டியான கேஸில் போட்டு அந்த மாடிப்படிக்குத்தான் கொண்டுபோகப் போகிறேன். அண்ணனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.