பட்டுப்புழு நோய் பார்க்க ஒரு நுண்ணோக்கிக் கேமரா
உடுமலைப்பேட்டை வட்டாரத்தில் பட்டுப்புழு வளர்க்கும் எங்களுக்குப் பெப்ரின் நோய் பேரச்சம் என்பதால், அதை உண்டாக்கும், ஏறத்தாழ 4 மைக்ரான் நீளமுள்ள நுண்வித்துகளைப் படமெடுத்து அக்கம்பக்கத்துப் பண்ணையாளர்களுக்குக் காட்டுவதற்காக, நுண்ணோக்கியின் கண்வில்லைக் குழாயில் செருகும் 5 மெகாபிக்சல் கேமரா ஒன்றைக் கோவையில் வாங்கினேன். சாதாரண 40 மடங்குப் பொருளருகு வில்லையே ஏறத்தாழ அரை மைக்ரானுக்குக் கீழே எதையும் பிரித்துக் காட்டாது. ஆகவே 18 மெகாபிக்சல் கேமராவுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் என்பதே என் உறுதியான கருத்து. குழாயின் விட்டம் 23.2 மில்லிமீட்டரா, 30 மில்லிமீட்டரா என்பதை வாங்குமுன் அளந்துகொள்ளுங்கள். அளக்காமல் போனதால் நான் இரண்டு நடை அலைய நேர்ந்தது. நிறம் இயல்பாக இருக்கிறது. யுஎஸ்பி 2.0 இணைப்பு என்பதால் முழு அளவில் நேரலைப் படம் திணறுகிறது. முன்கண்ணாடியை வேட்டி நுனியால் துடைக்காமல், ரப்பர் ஊதுகுமிழால் தூசியை அகற்றி, ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்காதிருக்கச் சிலிக்கா ஜெல் இட்ட டப்பாவில் மூடி வைக்கிறேன்.